விருந்தாளி வந்தபின் அரைக்கிற காப்பி

இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் சினேகிதர்கள் வந்தால் ஒரு டம்ளர் காப்பி கொடுக்கிறோமே, அந்தக் காப்பியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். “காப்பி போடக்கூடவா எங்களுக்குத் தெரியாது? இதற்கு ஒரு பேச்சா?” என்று வீட்டுக்காரம்மா சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வி. பால் உங்கள் வீட்டு மாட்டுப் பால். தண்ணீர் உங்கள் கிணற்றுத் தண்ணீர். கொடுக்கிற மனசுக்கும் குறைவில்லை. அப்படி இருந்தும் ஓசூரிலிருந்து வந்தவர் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திண்ணையில் ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறாரே, அது ஏன்?

பாலிலும் குற்றமில்லை, போட்ட கையிலும் குற்றமில்லை. குற்றம் தூள் டப்பாவில் இருக்கிறது. தீபாவளிக்கு வாங்கிய தூள் பொங்கல் தாண்டியும் அடுப்பு மேடையிலே பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்திலே உட்கார்ந்திருக்கிறது. நாம் தினமும் காப்பி குடிக்கிறவர்கள் அல்ல. காலையில் கேழ்வரகுக் கூழோ, களியோ, கொஞ்சம் டீயோ ஆகிவிடுகிறது. காப்பித்தூளை வெளியே எடுப்பது யாராவது வந்தால்தான். எப்போதோ ஒரு தடவை எடுக்கிற பொருள் என்பதாலேயே அது கெட்டுப்போகிறது.

கேழ்வரகை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். நம் பெரியவர்கள் ராகியைக் குழியில் கொட்டி மூடி வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அந்தத் தானியம் கெடவில்லை, புழு விழவில்லை. பஞ்ச காலத்தில் அந்தக் குழிதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. ஆனால் அதே ராகியை மாவாக அரைத்து யாராவது ஒரு வருஷம் வைப்பார்களா? சில வாரம் போனால் வாடை வந்துவிடும், நாக்கில் கசப்புத் தட்டும். தானியத்துக்குத் தோல் என்று ஒரு காவல் இருக்கிறது. அரைத்தால் அந்தக் காவல் போய்விடுகிறது. காப்பிக்கொட்டையும் அப்படியேதான். இன்னும் சொல்லப்போனால் ராகி மாவைவிடக் காப்பித்தூள் வெகு சீக்கிரம் கெடும்.

காரணம் என்னவென்று பார்ப்போம். பச்சைக் காப்பிக்கொட்டைக்கு நாம் சொல்கிற காப்பி வாசனை கிடையாது. முகர்ந்து பார்த்தால் காய்ந்த புல், பயறு போல இருக்கும். வறுக்கும்போதுதான் உள்ளே இருக்கிற சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து மாறி, நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்கள் உண்டாகின்றன. கூடவே கரியமில வாயுவும் உண்டாகி, கொட்டையின் நுண்ணறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த வாயு மெல்ல மெல்ல வெளியேறும் வரையில், வெளிக்காற்று உள்ளே புகாமல் ஒரு தடுப்பு மாதிரி இருக்கிறது. அரைத்தவுடன் ஒரு கொட்டை நூறு நூறு துகளாகி எல்லா அறைகளும் திறந்துவிடுகின்றன. வாயு போகும்போது வாசனையும் கூடப் போகிறது. காற்றில் உள்ள பிராணவாயு உள்ளே புகுந்து, கொட்டையில் உள்ள எண்ணெயைக் காறலாக்குகிறது. காப்பி அரைக்கும்போது தெருவெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் எங்கிருந்து வருகிறது? டம்ளருக்குப் போக வேண்டியதுதான் தெருவுக்குப் போகிறது.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். தூளாக வாங்காதீர்கள், வறுத்த கொட்டையாக வாங்குங்கள். சினேகிதர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த பிறகு, அவருக்கு வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள். வறுத்த கொட்டை, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ மூன்று நான்கு வாரம் நன்றாக இருக்கும். தூளோ ஒரு வாரத்திலேயே மங்கிவிடும். டப்பாவைப் பெருங்காயம், மிளகாய், மண்ணெண்ணெய் பக்கம் வைக்காதீர்கள். காப்பி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். குளிர்பதனப் பெட்டி இருக்கிறவர்கள் அடிக்கடி வெளியே எடுத்துத் திறந்து மறுபடி உள்ளே வைத்தால் ஈரம் சேரும். அதைவிட அலமாரியே மேல்.

விலைக் கணக்கு

“கொட்டை வாங்கி அரைத்துக் குடிக்க நாங்கள் என்ன பங்களாக்காரர்களா?” என்று கேட்கலாம். கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். காப்பி விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும். 2024-ல் பிரேசில் நாட்டில் கடும் வறட்சி. உலகத்திலேயே அதிகமாகக் காப்பி விளைவிக்கிற நாடு அது. அதற்கு அடுத்த வியட்நாமிலும் அந்த ஆண்டு மழை தவறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காப்பி ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் சொச்சம், 4 டாலரைத் தாண்டிப் போனது. எங்கேயோ பிரேசிலில் மழை பொய்த்தால் இங்கே ஜவளகிரியில் டம்ளர் சிறுத்துப்போகிறது பாருங்கள்.

வறுத்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்குக் காப்பி போட 40 கிராம் போதும். நாற்பது ரூபாய் ஆயிற்று. தலைக்குப் பத்து ரூபாய். பால் நம்முடையது. கால் கிலோ வாங்கினால் ஆறு தடவை நான்கு நான்கு பேருக்குக் கொடுக்கலாம். மாதத்துக்கு அது தாராளம். பழைய தூளில் என்ன நடக்கிறது? மணம் இல்லையே என்று இரண்டு மடங்கு தூள் போடுகிறோம். கசக்கிறதே என்று இரண்டு மடங்கு சர்க்கரை போடுகிறோம். கடைசியில் மீதித் தூளைக் குப்பைக்குழியில் கொட்டுகிறோம். எது சிக்கனம் என்று நீங்களே சொல்லுங்கள். அதுவும் வேண்டாம் என்று பையனைக் கடைக்கு விரட்டி, வண்ண வண்ணமாக பாட்டில் பானம் வாங்கிவந்து கொடுக்கிற வழக்கம் வேறு இப்போது கிராமத்திலும் வந்துவிட்டது. பத்து லிட்டர் பால் கறக்கிற வீட்டில் வந்தவருக்குக் கடைத் தண்ணீரா? எனக்கு அது பிடிக்கவே இல்லை.

எந்தக் கொட்டை?

காப்பியில் முக்கியமாக இரண்டு சாதி. ஒன்று அராபிகா, மற்றது ரோபஸ்டா. அராபிகா உயரமான மலையில் வளர்வது. மணம் அதிகம், கசப்புக் குறைவு, விலை கூடுதல். ரோபஸ்டா கொஞ்சம் தாழ்ந்த இடத்திலும் வரும். டிகாக்ஷன் கெட்டியாக, கறுப்பாக இறங்கும். காஃபீன் என்கிற சத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி ரோபஸ்டாதான். கடையில் “பிளான்டேஷன் ஏ” என்றால் பழத்தின் சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகாவில் பெரிய கொட்டை. “பீபெரி” என்றால், ஒரு பழத்தில் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தது. “செர்ரி” என்றால் பழத்தோடு வெயிலில் காயவைத்தது. நம் பக்கத்துக் கறவைப் பாலுக்கு முக்கால் பங்கு அராபிகா, கால் பங்கு ரோபஸ்டா செர்ரி பொருத்தமாக இருக்கும். முழுக்க அராபிகா போட்டால் எருமைப் பாலில் அதன் ருசி அமுங்கிவிடும்.

இந்தச் செடி நம் ஊருக்கு அந்நியமில்லை. பாபா புடன் என்கிற பெரியவர் 17-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். அது நமக்கு வடமேற்கே. தெற்கே பார்த்தால் ஏற்காடு. அங்கே 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பியைப் புகுத்தினார். இரண்டு காப்பி மலைகளுக்கும் நடுவிலே நாம் உட்கார்ந்திருக்கிறோம். எல்லை தாண்டி ஆனேக்கல் சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே பார்த்தவுடன் “காஃபி ஆய்த்தா?” என்றுதான் விசாரிப்பார்கள். நாம் “சாப்பிட்டாச்சா?” என்கிறோமே, அந்த மாதிரி.

அடுத்தது சிக்கரி. இது காப்பியே அல்ல. முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிராகிறது. அதை நறுக்கி, காயவைத்து, வறுத்துப் பொடி செய்கிறார்கள். நிறமும் கெட்டியும் கொடுக்கும். காப்பி மணம் கொடுக்காது. சிக்கரி சேர்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு அது பழகிய ருசி. ஆனால் காசு கொடுக்கிறவருக்கு விவரம் தெரிய வேண்டும். சட்டப்படி, சிக்கரி கலந்த தூளில் நூற்றுக்கு 51 பங்காவது காப்பி இருந்தாக வேண்டும். காப்பி எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்கு என்று பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்க வேண்டும். அந்த எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 51-ம் 49-ம் கலந்த தூளைக் காப்பி விலை கொடுத்து வாங்கினால், பாதி காசு வேருக்குப் போகிறது. எட்டுக்கு இரண்டு பங்கு சிக்கரி போதும், அதுவும் பிடித்தால்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு தேக்கரண்டி தூளைத் தூவுங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி சட்டென்று பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். சில இடங்களில் வறுத்த புளியங்கொட்டைப் பொடியும் கலப்பதுண்டு. நம் புளியந்தோப்பில் கிலோ இவ்வளவு என்று தூக்கிப் போட்ட கொட்டை காப்பித்தூள் விலையில் நமக்கே திரும்பி வரலாம். கொட்டையாக வாங்கினால் இந்தத் தொல்லையே கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற கொட்டையில் எதைக் கலக்க முடியும்?

வறுப்பதையும் வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்கள் பச்சைக் கொட்டை வாங்கலாம். அது மாதக்கணக்கில் கெடாது. கனமான இரும்புச் சட்டியில் கால் கிலோ போட்டு, மிதமான தீயில் கை நிறுத்தாமல் கிளற வேண்டும். முதலில் ஆவி போகும், பிறகு மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், பட்பட் என்று வெடிக்கும். வெடி அடங்கி, புளியங்கொட்டைத் தோல் நிறம் வருவதற்குச் சற்று முன்னாலேயே இறக்கிவிடுங்கள், சட்டிச் சூட்டில் மீதி வெந்துவிடும். உடனே முறத்தில் பரப்பி ஆறவிட்டுப் புடைத்தால் மெல்லிய தோல் பறந்துவிடும். முறம் பிடிக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கிலோ கொட்டை வறுத்தால் நூற்றைம்பது கிராமுக்குமேல் எடை குறையும், பயப்படாதீர்கள். வறுத்த அன்றைக்கே அரைக்காமல் ஒரு நாள் விட்டுவிட்டால் ருசி படியும்.

அரைப்பதும் இறக்குவதும்

பழைய வீடுகளில் பலகையில் முடுக்கிய கை இயந்திரம் இருந்தது. பரணில் கிடந்தால் இறக்கித் துடையுங்கள், அதைவிட நல்லது இல்லை. கையால் சுற்றும்போது சூடு ஏறாது. இல்லாவிட்டால் மிக்ஸி போதும். மிக்ஸியின் சின்ன ஜாரில் முதலில் ஒரு கரண்டி பச்சரிசி போட்டு ஓட்டிக் கொட்டிவிடுங்கள், மிளகாய் வாடை போய்விடும். பிறகு கொட்டையைப் போட்டு, தொடர்ந்து ஓட்டாமல் ஐந்து விநாடி ஓட்டி நிறுத்தி, குலுக்கி, மறுபடி ஐந்து விநாடி என்று நான்கைந்து தடவை ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடேறி, மணம் ஜாரிலேயே போய்விடும். கரண்டு இல்லையென்றால் இடிகல்லில் நாலு இடி. தப்பில்லை. ராகி மில்லில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். காப்பியும் மாவு வாடை அடிக்கும், அடுத்தவர் மாவும் காப்பி வாடை அடிக்கும், சண்டை வரும்.

எவ்வளவு நைசாக? ராகி மாவு சலித்தால் சல்லடை மேல் கப்பி நிற்கும் இல்லையா, அதைவிடக் கொஞ்சம் மென்மை. மைபோல அரைத்தால் பில்டரின் கண் அடைத்துக்கொள்ளும். ரவை போல இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும்.

இனி பில்டர். மேல் பாத்திரத்தின் அடியில் உள்ள கண்கள் திறந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடைத்திருந்தால் காலிப் பாத்திரத்தின் அடியைச் சற்று நேரம் தணலில் காட்டி, தட்டி, கழுவுங்கள். நான்கு பேருக்கு 40 கிராம் தூள் போட்டு, மேலே அழுத்தும் தட்டை லேசாக வையுங்கள். ஓங்கி அமுக்க வேண்டாம். 240 மில்லி தண்ணீர், அதாவது ஒன்றரை டம்ளருக்குச் சற்று அதிகம், தளதளவென்று கொதிக்கவிடுங்கள்.

கொதித்த தண்ணீரை ஒரு நிமிஷம் ஆறவிட்டு ஊற்று என்று பட்டணத்துப் புத்தகங்களில் எழுதியிருக்கும். அது கடல்மட்டத்து ஊருக்குச் சரி. அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. நம் ஓசூர், ஜவளகிரி மேட்டு நிலம் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 900 மீட்டர். உயரம் ஏறினால் காற்றழுத்தம் குறையும்; தண்ணீர் சீக்கிரமே, 97 பாகையிலேயே கொதித்துவிடும். காப்பி இறங்குவதற்குத் தோதான சூடு 90-லிருந்து 96 வரை. பாத்திரத்தைத் தூக்கி பில்டர் வரை கொண்டுவருவதற்குள் நமக்கு அந்தச் சூடு வந்துவிடுகிறது. ஆகவே நாம் ஆறவிடக் கூடாது. அடுப்பிலிருந்து எடுத்தவுடன் ஊற்ற வேண்டும். அதுவும் மார்கழிக் குளிரில் பில்டரையே வெந்நீரில் ஒருமுறை அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாத்திரமே பாதிச் சூட்டைக் குடித்துவிடும். நம் பக்கத்தில் டிகாக்ஷன் சப்பென்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் தூள் நனைகிற அளவு மட்டும் ஊற்றி அரை நிமிஷம் நிறுத்துங்கள். இப்போது குனிந்து பாருங்கள். புதிதாக அரைத்த தூள் என்றால் நுரைத்துப் பொங்கி, தட்டையே மேலே தூக்கும். உள்ளே இருக்கிற வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். பழைய தூள் சேறு மாதிரி அசையாமல் கிடக்கும். கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும் இந்த ஒரு நுரை சொல்வதுதான் உண்மை. பிறகு மீதித் தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்தில் நூற்றைம்பது, நூற்றறுபது மில்லி டிகாக்ஷன் கீழே நிற்கும். மீதித் தண்ணீர் தூளிலேயே தங்கிவிடும். இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிட்டால் தூள் பெரிது. அரை மணி ஆகியும் இறங்காவிட்டால் தூள் நைஸ். அடுத்த தடவை திருத்திக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரிக் காடு வழியாக இறங்குகிறது. ராகி கதிர் பிடிக்கிற நேரமும் அதுதான். ஓசூர் தொழிற்பேட்டையிலிருந்து வாரவிடுமுறையில் வந்த சினேகிதர் சாயங்காலம் நாலரை மணிக்கே சட்டையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். “இருட்டுறதுக்குள்ள தளி தாண்டணும்பா, ரோட்ல யானை நிக்குதாம்” என்பார். அவரைப் பிடித்து உட்காரவைக்கக் கூடாது. இருட்டிய பிறகு இருசக்கர வண்டியில் காட்டு ரோட்டில் போவது உயிரோடு விளையாடுவது. அப்படிப்பட்ட நேரத்தில் பில்டரை நம்பாதீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அப்போதுதான் அரைத்த தூளைப் போட்டு ஒரு கிளறு கிளறி, நாலு நிமிஷம் மூடிவையுங்கள். தூள் அடியில் படியும். சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டினால் டிகாக்ஷன் தயார். பில்டர் வருவதற்கு முன்னால் நம் பாட்டிமார் இப்படித்தான் போட்டார்கள். தூளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க மட்டும் விடாதீர்கள். கசப்பு முழுக்க இறங்கிவிடும். அந்தத் துணியையும் காப்பிக்கென்றே தனியாக வைத்துக்கொண்டு, சோப்பு போடாமல் வெந்நீரில் அலசிக் காயவையுங்கள்.

பால்

காலைப் பாலும் சாயங்காலப் பாலும் கறந்த கையோடு சங்கத்துக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளுக்கே சில வீடுகளில் மிஞ்சுவதில்லை. நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினம் அரை லிட்டரை வீட்டுக்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். யாரும் வராவிட்டால் பிள்ளைகள் குடிக்கட்டும், மீந்தால் உறை ஊற்றுங்கள். கறந்த பாலை நன்றாகப் பொங்கவிட்டுக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிற காசநோய், கன்றுவீச்சு நோய்க் கிருமிகள் பச்சைப் பாலில் வரலாம். ஆனால் ஒருமுறை காய்ச்சிய பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டால் ஏடு பிடித்து ஒரு வெந்த வாடை வரும். அது காப்பியைக் கெடுக்கும். காப்பிக்கு வேண்டிய பாலை மட்டும் தனியாக எடுத்து, ஒரு பொங்கு வந்ததும் இறக்குங்கள்.

கும்பகோணம் டிகிரி காப்பி என்று போர்டு பார்த்திருப்பீர்கள். பாலின் தரத்தைப் பார்க்கிற பால்மானி காட்டுகிற “டிகிரி”யிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. சங்கத்தில் தினமும் அந்தக் கருவியை உங்கள் பாலில்தான் விடுகிறார்கள். தண்ணீர் கலக்காத பால் உள்ள வீட்டில் போடுகிற காப்பியும் டிகிரி காப்பிதான், போர்டு இல்லை, அவ்வளவே.

டம்ளரில் முதலில் 40 மில்லி டிகாக்ஷன், சர்க்கரை, பிறகு 110 மில்லி கொதிக்கிற பால். டிகாக்ஷனை அடுப்பில் வைத்துச் சுடவைக்கக் கூடாது. ஆறியிருந்தால் அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்துங்கள். எருமைப் பால் கெட்டி என்பதால் டிகாக்ஷன் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வெல்லம் போடுகிற வீடுகளில் அடுப்பில் இருக்கும்போதே போட்டால் பால் திரிந்துபோகும். இறக்கிக் கலந்த பிறகு, பொடித்த வெல்லத்தைப் போடுங்கள். பிறகு டபராவும் டம்ளருமாக நாலு ஆற்று. சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சர்க்கரை போடுவது மரியாதை. கர்ப்பிணிப் பெண்களுக்கு அரை டம்ளர் போதும்.

இன்னொன்று. விருந்தாளிக்குக் களியும் கீரையும் போட்டு, கை கழுவியவுடன் காப்பியை நீட்டாதீர்கள். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் காப்பி தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் நம் கிராமங்களில் அதிகம். சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவிலே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதுவரை பேச விஷயமா இல்லை?

“இவ்வளவு சொல்கிறீர்களே, செடியையே நாம் வைத்துவிட்டால் என்ன?” என்று யாராவது கேட்பீர்கள். உயரம் ஓரளவு ஒத்துவரும்; அராபிகாவுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் நல்லது. ஆனால் மழை ஒத்துவராது. அதற்கு ஆண்டுக்கு 1600 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். நம் மாவட்டத்தில் அதில் பாதி பெய்தாலே நல்ல வருஷம். ஆகவே ராகி நிலத்தையோ தக்காளி நிலத்தையோ காப்பிக்கு மாற்றுகிறேன் என்று யாரும் பணத்தை இறக்க வேண்டாம். கிணற்றடியில் பலாமர நிழல் இருந்தால் ஆசைக்கு இரண்டு மூன்று செடி வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். ஏறத்தாழ ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ கொட்டை. வீட்டுத் தேவையில் ஒரு பங்குக்கு ஆகும்.

கடைசியாக பில்டரில் மிஞ்சுகிற சக்கை. முதல் டிகாக்ஷனை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, அதே தூளில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி இரண்டாவது டிகாக்ஷன் இறக்கி வீட்டுக்காரர்கள் குடிக்கலாம். மணம் குறைவாக இருந்தாலும் பால் நல்ல பால் என்பதால் குடிக்க நன்றாகவே இருக்கும். மூன்றாவது தடவை வேண்டாம். அதன்பிறகு சக்கையைச் செடியின் வேரில் அப்படியே குவிக்காமல், எருக்குழியில் சாணத்தோடு கலந்து மக்கவிட்டு, ரோஜாச் செடிக்குப் போடுங்கள். பில்டரை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள், தூள் காய்ந்தால் கண் அடைத்துவிடும்.